ஓடும் கணக்கைத் தொட்டுத் திருப்பியவர்கள்: டெராஜைராய்டு, 2003

சூப்பர் கம்ப்யூட்டரில் ஒரு சிமுலேஷனை ஓட்டுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். உள்ளீட்டுக் கோப்பைத் தயார் செய்து வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்போம். நமக்கு முன்னால் நிற்பவர்களின் வேலைகள் முடிந்து, நம்முடையது நள்ளிரவில் எப்போதோ தொடங்கும். இரண்டு மூன்று நாள் ஓடும். பிறகு கோப்புகளை இறக்கிப் படமாக்கிப் பார்த்தால், முதல் ஒரு மணி நேரத்திலேயே கணக்கு நமக்கு வேண்டாத பக்கம் போய்விட்டது தெரியவரும். ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு திரவ ஓட்டக் கணக்கில் எனக்கு இது நடந்தது. பாகுத்தன்மைக்கான எண்ணில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது. மூன்று நாள் ஓட்டமும் வீண். எனக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்தவரின் மூன்று நாளும் அதோடு போயிற்று என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இது பழைய குறை. 1987-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்காக மெக்கார்மிக், டிஃபான்டி, பிரவுன் மூவரும் தொகுத்த அறிக்கையிலேயே இதற்கான மருந்தும் சொல்லப்பட்டுவிட்டது: கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே விஞ்ஞானி அதைப் பார்க்க வேண்டும், குறுக்கிட வேண்டும், வண்டியைத் திருப்புவதுபோல் திருப்ப வேண்டும். ஸ்டியரிங் என்ற சொல் இந்தத் துறையில் நிலைத்தது அப்படித்தான். 1990-களில் யூட்டா பல்கலைக்கழகத்திலும் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்திலும் இதற்கான கருவிகள் உருவாயின. ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஒரு கணினியில் இதைச் செய்வதே சிரமம். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நிர்வாகங்களின் கையில் இருக்கும் கணினிகளைச் சேர்த்துக் கட்டி, அதுவும் ஓர் உண்மையான அறிவியல் கேள்விக்காகச் செய்து காட்டியது 2003 நவம்பரில் நடந்த டெராஜைராய்டு சோதனை. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

பிரிட்டனில் பீட்டர் கவ்னி தலைமையில் நடந்துவந்த ரியாலிட்டிகிரிட் திட்டமும், அமெரிக்காவின் டெராகிரிட் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் கூட்டமைப்பும் சேர்ந்து இதை நடத்தின. ரியாலிட்டிகிரிட்டில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், மான்செஸ்டர், எடின்பரோ, ஆக்ஸ்ஃபோர்ட், லஃபரோ முதலிய பல்கலைக்கழகங்கள் இருந்தன. ஸ்டியரிங் மென்பொருளை எழுதியது மான்செஸ்டர் குழு. கணக்குப் போட பிட்ஸ்பர்க், இல்லினாய், சான் டியேகோ, ஆர்கான் ஆகிய அமெரிக்க மையங்களும், மான்செஸ்டரின் சிஎஸ்ஏஆர், டேர்ஸ்பரியின் ஹெச்பிசிஎக்ஸ் ஆகிய பிரிட்டன் கணினிகளும் கைகொடுத்தன.

கேள்வி என்ன?

எண்ணெயும் தண்ணீரும் சேராது. அதில் சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சேர்த்தால் கதை மாறுகிறது. அந்த மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். ஆகவே அவை இரண்டு திரவங்களுக்கும் நடுவில் போய் வரிசைகட்டி நிற்கின்றன. எவ்வளவு சோப்பு, ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்பதைப் பொறுத்து விதவிதமான அமைப்புகள் தாமாகவே உருவாகும்: சிறு உருண்டைகள், அடுக்கடுக்கான தகடுகள், ஸ்பான்ஜ் போன்ற தாறுமாறான பின்னல். இவற்றில் மிக அழகானது ஜைராய்டு. 1970-இல் நாசாவில் இருந்த ஆலன் ஷோன் விவரித்த பரப்பு அது. ஒரே பரப்பு முடிவில்லாமல் வளைந்து வளைந்து போய், வெளியை இரண்டு தனித்தனிச் சுரங்கப் பின்னல்களாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் தண்ணீர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழியே கிடையாது. அந்தப் பரப்பில் எங்கே தேடினாலும் ஒரு நேர்க்கோடு கிடைக்காது. சில வண்ணத்துப்பூச்சிகளின் பச்சை நிறம், அவற்றின் இறகுச் செதில்களில் இதே வடிவம் ஒளியோடு விளையாடுவதால் வருவது.

கவ்னியின் குழு இதை லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையில், எல்பி3டி என்ற ஃபோர்ட்ரான் நிரலில் கணக்கிட்டது. வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு திரவம் எந்தத் திசையில் போகிறது என்று கணக்கு வைத்து, ஒவ்வொரு காலப்படியிலும் பக்கத்துக் கட்டங்களுக்கு நகர்த்தும் முறை அது. 64 அல்லது 128 கட்ட நீளமுள்ள பெட்டியில் ஓட்டியபோது ஜைராய்டு உருவாயிற்று. பெட்டி முழுவதையும் குறையில்லாமல் நிரப்பியது. சிக்கலே அதுதான். இத்தகைய கணக்குகளில் பெட்டியின் வலது சுவர் வழியாக வெளியே போவது இடது சுவர் வழியாக உள்ளே வரும். பெட்டி சிறியதாக இருந்தால் அமைப்பு தன் வாலையே தான் பிடித்துக்கொள்கிறது. குறையில்லாத அந்தப் படிகம் இயற்கையின் வேலையா, பெட்டியின் வேலையா?

நிஜத்தில் ஜைராய்டு பல இடங்களில் ஒரே சமயத்தில் முளைக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும். அவை வளர்ந்து சந்திக்கும் எல்லைகளில் பிசிறுகள் நிற்கும். அவை எப்படி நகர்கின்றன, எவ்வளவு காலம் தாங்குகின்றன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பல திசைகளில் முளைக்க இடம் கொடுக்கும் பெரிய பெட்டி தேவை. 1024 × 1024 × 1024 என்று முடிவு செய்தார்கள். நூறு கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் இந்த எண்தான். ஒரு கட்டத்தில் 19 திசைகள், எண்ணெய், தண்ணீர், சோப்பு என்று மூன்று பொருள்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் 8 பைட். பெருக்கினால் கட்டத்துக்கு 456 பைட். பெட்டி முழுவதற்கும் ஏறத்தாழ 490 ஜிகாபைட். கணக்கின் ஒரு நொடியை உறையவைத்து வட்டில் எழுத வேண்டுமென்றால் அவ்வளவு எழுத வேண்டும். இந்த உறைந்த நொடிக்குத்தான் செக்பாயிண்ட் என்று பெயர்.

ஸ்டியரிங் எதற்கு?

பெரிய பெட்டியைச் சும்மா ஓட்டிவிட முடியாது. எந்த அளவுருக்களில் ஜைராய்டு வரும் என்பது முன்பே தெரியாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்பதைச் சொல்லும் எண்கள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்புகள் வைத்துப் பார்த்தால், மூன்று எண்களுக்கே ஆயிரம் ஓட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமே காட்டாமல் முடியும்.

அதனால் சின்னப் பெட்டியை எடுத்து, திரையின் முன்னால் உட்கார்ந்து, கண்ணால் பார்த்தபடியே தேடினார்கள். இந்தக் குழு 2003-இல் வெளியிட்ட ஒரு படம் எனக்கு மிகவும் பிடித்தது. மரம் மாதிரி இருக்கும். அடியில் தாறுமாறாகக் கலந்த தண்ணீரும் சோப்பும். அங்கிருந்து ஓட விட்டபோது உருண்டைகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்ட ஓர் அமைப்பு வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர் கணக்கை நிறுத்தினார், முந்தைய ஒரு செக்பாயிண்டுக்குப் பின்னே போனார், எண்ணை மாற்றினார், மறுபடி ஓட்டினார். இப்போது தகடுகள் வந்தன. இன்னொரு முறை பின்னே போய் வேறு எண்ணைக் கொடுத்தால் வேறொரு கிளை. முதலிலிருந்து ஓட்டத் தேவையில்லை. பொதுவான அடிமரத்தை ஒரு முறைதான் கணக்கிட வேண்டும்.

ஸ்டியரிங் என்றவுடன் ஓடும்போதே குமிழைத் திருகுவதைத்தான் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இந்தப் பின்னே போகும் வசதி. திருகிவிட்டுத் திரும்ப முடியாதென்றால் யாருமே துணிந்து திருக மாட்டார்கள். தப்பானால் போன கிளையை விட்டுவிட்டு மரத்துக்கே வந்துவிடலாம் என்று தெரிந்தால் ஆராய்ச்சியாளரின் கை தைரியமாகப் போகும்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நடுவில் ஒருவர் கைவைத்த கணக்கை இன்னொருவர் எப்படித் திரும்பச் செய்து பார்ப்பது? அறிவியலில் திரும்பச் செய்ய முடியாத கணக்குக்கு மதிப்பில்லை. ரியாலிட்டிகிரிட் குழு இதைத் தட்டிக்கழிக்கவில்லை. எந்தக் காலப்படியில் எந்த எண் எதிலிருந்து எதற்கு மாறியது என்று பதிவு வைத்தார்கள், எந்த செக்பாயிண்ட் எதிலிருந்து கிளைத்தது என்ற வம்சாவளியையும் சேர்த்து வைத்தார்கள். அந்தப் பதிவு கையில் இருந்தால் எந்தக் கிளையையும் மறுபடி வளர்த்துப் பார்க்கலாம். இன்னொரு எச்சரிக்கை இயற்பியல் சார்ந்தது. ஓடும் அமைப்பில் ஓர் எண்ணைத் திடீரென்று மாற்றுவது, சுடச்சுட இருக்கும் பாத்திரத்தைத் தண்ணீரில் முக்குவது போன்றது. அதன்பின் வரும் அமைப்பு சமநிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேடுவதற்கு அது போதும். அளந்து எழுதுவதற்கு மறுபடி நேராக, கைபடாமல் ஓட்ட வேண்டும்.

கருவியின் அமைப்பு

நிரலுக்குள் செய்த மாற்றம் மிகக் குறைவு என்பதுதான் இந்தக் கருவியின் நல்ல குணம். தொடக்கத்தில் ஒரு அழைப்பு, எந்தெந்த அளவுருக்களைப் பார்க்கலாம், எவற்றை மாற்றலாம் என்று பதிவு செய்ய ஒரு அழைப்பு, காலப்படிச் சுழற்சிக்குள் ஒவ்வொரு முறையும் ஒரு அழைப்பு, முடிவில் ஒன்று. அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் எழுதிச் சோதித்த நிரலைப் பிரித்துப்போட எந்த விஞ்ஞானியும் சம்மதிக்க மாட்டார். அது தெரிந்தவர்கள் செய்த வடிவமைப்பு இது. கட்டுப்பாடு எப்போதும் சிமுலேஷனின் கையில்தான். சுழற்சி ஒரு முறை முடிந்ததும் அது தானாகவே வந்து, எனக்கு ஏதாவது சேதி இருக்கிறதா என்று கேட்கும். நிறுத்து, தொடர், செக்பாயிண்ட் எடு, இந்த எண்ணை மாற்று, முடித்துக்கொள் என்பவைதான் சேதிகள். இல்லையென்றால் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

அந்தச் சேதிகள் எங்கே காத்திருக்கும்? ஆராய்ச்சியாளரின் மடிக்கணினியும் சூப்பர் கம்ப்யூட்டரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு சிறு சேவை இருக்கும். சிமுலேஷன் அதில் தன் நிலையைச் சொல்லிவைக்கும், ஆராய்ச்சியாளர் தன் கட்டளையை அங்கே விட்டுவைப்பார். தபால்பெட்டி மாதிரி. அதனால் இவர் லண்டனில் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ரயிலில் ஏறி, வேறு ஊரில் இறங்கி மறுபடி இணைந்தாலும் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. கையடக்கக் கணினியிலிருந்துகூட ஸ்டியரிங் செய்து பார்த்தார்கள், 2000-களின் தொடக்கத்திலேயே. பல ஊர்க் கணினிகளை ஒன்றாக இணைத்துப் பயன்படுத்துவதற்கென்று அன்றைக்கு மிகவும் பேசப்பட்ட கிரிட் தரநிலையைப் பின்பற்றி, ஆனால் அதன் பாரமான அதிகாரபூர்வ மென்பொருளை விட்டுவிட்டு, பெர்ல் மொழியில் எளிமையாக எழுதப்பட்டது இந்தச் சேவை. அந்த முடிவுதான் திட்டத்தைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

காட்சிப்படுத்தல் வேறொரு கணினியில் நடந்தது. சிமுலேஷன் ஒவ்வொரு சில நூறு காலப்படிக்கும் ஒரு முறை அடர்த்திப் புலத்தை, அதாவது எந்தக் கட்டத்தில் எவ்வளவு அடர்த்தி என்ற பட்டியலை, அனுப்பும். கிராஃபிக்ஸ் கணினி அதிலிருந்து பரப்பை வரைந்து, படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அனுப்பும். ஆக்சஸ் கிரிட் என்ற பல ஊர்க் காணொளி அரங்குகளின் வழியாக, வெவ்வேறு நகரங்களில் இருந்தவர்கள் ஒரே ஜைராய்டைச் சேர்ந்து பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

இன்னொரு சிறு விஷயமும் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க்கின் லெமியூ கணினி ஆல்ஃபா பிராசசர்களால் ஆனது. ஹெச்பிசிஎக்ஸ் ஐபிஎம் பவர்4. இரண்டும் ஒரு எண்ணின் பைட்டுகளை எதிரெதிர் வரிசையில் எழுதுபவை. ஒன்றில் எடுத்த செக்பாயிண்டை மற்றொன்றில் அப்படியே திறந்தால் குப்பைதான் வரும். அதனால் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய எக்ஸ்டிஆர் என்ற வடிவத்தில் எழுதினார்கள். இந்த ஒரு ஏற்பாட்டால்தான் அட்லாண்டிக்கின் ஒரு கரையில் ஓடிய கணக்கை நிறுத்தி, மறுகரையில் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

கடலைத் தாண்டுவது

ஆனால் 490 ஜிகாபைட்டைக் கடலுக்கு அப்பால் எப்படிக் கொண்டுபோவது? சாதாரண இணையத்தில் முடியாது. பிரிட்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமின் நெதர்லைட் இணைப்பு மையம், அங்கிருந்து சிக்காகோவின் ஸ்டார்லைட் இணைப்பு மையம், பிறகு டெராகிரிட் என்று தனி ஒளியிழைப் பாதை போடப்பட்டது. நொடிக்கு ஒரு ஜிகாபிட் முழுதாகக் கிடைத்தால் அந்தக் கோப்பு ஏறத்தாழ 65 நிமிடத்தில் போய்ச் சேரும்.

முழுதாகக் கிடைத்தால் என்றேன். அங்கேதான் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரு முறை தடுக்கி விழுகிறார்கள். இணையத்தில் தரவை அனுப்பப் பயன்படும் டிசிபி நெறிமுறை கொஞ்சம் அனுப்பும், வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும், பிறகு அடுத்ததை அனுப்பும். பதில் வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பல கணினிகளில் அன்று அது இயல்பாக 64 கிலோபைட். அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் வர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்குப் பத்து முறை 64 கிலோபைட், அதாவது சுமார் 650 கிலோபைட்தான் போகும். பாதை எவ்வளவு அகலமானாலும் அவ்வளவுதான். அந்த வேகத்தில் ஒரு செக்பாயிண்ட் போய்ச் சேர எட்டரை நாள் ஆகும்! பாதையை நிரப்ப வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் 12.5 மெகாபைட் வழியில் பறந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு முனையிலும் அந்த அளவை உயர்த்தி, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து, நடுவில் உள்ள ஒவ்வொரு சுவிட்சையும் சரிபார்த்தால்தான் அறுபத்தைந்து நிமிடம் என்ற பேச்சுக்கே இடம்.

அதற்கு மேல் இன்னொரு சுவர். பெரிய கணினி என்பது கணுக்கள் எனப்படும் பல கணினிகளின் தொகுப்பு. கணக்குப் போடும் அந்த உள் கணுக்களுக்கு வெளியுலகத்தில் முகவரியே கிடையாது. பாதுகாப்புக்காகவும் வசதிக்காகவும் அவை உள்ளேயே அடைபட்டிருக்கும். சிமுலேஷன் ஓடுவதோ அங்கே. படத்துக்கான தரவை வெளியே இருக்கும் கிராஃபிக்ஸ் கணினிக்கு அது எப்படி அனுப்பும்? வெளிவாசல் கணினி ஒன்றில் கைமாற்றிவிடும் நிரலை வைத்துச் சமாளித்தார்கள். பிட்ஸ்பர்க் மையம் இதற்கென்றே ஒரு வழி செய்து வைத்திருந்தது. ஒவ்வொரு மையத்திலும் ஃபயர்வாலில் இன்னின்ன கதவைத் திறந்துவிடுங்கள் என்று தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. இந்த மறைந்த முகவரிச் சிக்கலை அந்தக் குழு பின்னால் எழுதிய கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

சரி, கம்பியும் கதவும் தயார். ஆட்களின் பக்கம்? பயனர் யார் என்று உறுதிசெய்யும் பிரிட்டனின் டிஜிட்டல் சான்றிதழை அமெரிக்க மையங்கள் ஏற்க வேண்டும், அவர்களுடையதை இவர்கள் ஏற்க வேண்டும். நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அதற்கு நிர்வாகிகள் உட்கார்ந்து பேச வேண்டும். அப்புறம் நேரம். ஸ்டியரிங் செய்ய மனிதர் விழித்திருக்க வேண்டும், கிராஃபிக்ஸ் கணினி காலியாக இருக்க வேண்டும், அரங்கு கிடைக்க வேண்டும், அதே நேரத்தில் சூப்பர் கம்ப்யூட்டரும் கிடைக்க வேண்டும். வரிசை முறையில் ஓடும் கணினி எப்போது நம் முறை என்று சொல்லாது. ஆகவே தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் ஒவ்வொரு மையத்தோடும் பேசி, இந்தத் தேதி, இந்த மணி என்று கையால் முன்பதிவு செய்தார்கள். உலகின் மிகப் பெரிய கணினிகளை இணைத்த சோதனையின் கடைசி இணைப்பு ஒருவர் இன்னொருவருக்குப் போட்ட தொலைபேசி அழைப்பு. அந்தக் கணினி இயக்குநர்களின் பெயர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. அவர்கள் இல்லாமல் ஜைராய்டு இல்லை.

ஃபீனிக்ஸ், நவம்பர் 2003

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்த சூப்பர்கம்ப்யூட்டிங் மாநாட்டில் நேரலையாகக் காட்டினார்கள். 1024 பெட்டியைத் தாறுமாறான கலவையிலிருந்து தொடங்கினால் ஜைராய்டு உருவாகும்வரை காத்திருக்கக் கணினி நேரம் போதாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். 128 பெட்டியில் ஏற்கெனவே நன்றாக உருவான ஜைராய்டின் செக்பாயிண்டை எடுத்து, நீளவாக்கில் எட்டு, அகலவாக்கில் எட்டு, உயரவாக்கில் எட்டு என்று 512 நகல்களை அடுக்கி, சற்றே கலைத்துவிட்டு, அங்கிருந்து ஓட்டுவது. சின்னப் பெட்டியில் ஸ்டியரிங் செய்து கண்டுபிடித்தது பெரிய பெட்டிக்கு விதையாயிற்று. இந்த இரண்டு படியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர்கள் வேலை செய்த விதம் புரியும். விலையுயர்ந்த கணினியில் உட்கார்ந்து தேடவில்லை. மலிவான இடத்தில் தேடிவிட்டு, என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு விலையுயர்ந்த இடத்துக்குப் போனார்கள்.

அந்த ஆண்டு மாநாட்டின் உயர்திறன் கணிப்புப் போட்டியில், தரவு மிகுந்த பயன்பாடுகளில் மிகப் புதுமையானது என்ற விருது இதற்குக் கிடைத்தது. அறிவியல் பலன் மெதுவாக, அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்தது. பெரிய பெட்டிகளில் ஜைராய்டு ஒரே படிகமாக நிற்கவில்லை. திசை மாறிய பகுதிகளும் அவற்றுக்கிடையே பிசிறுகளும் தெரிந்தன. அவை நீண்ட நேரம் தாங்கின. சின்னப் பெட்டியின் குறையில்லாத படிகத்தைப் பற்றிய சந்தேகம் சரிதான்.

இதே ஆட்கள், அடுத்த கேள்வி

2005-இல் கவ்னியும் சாந்தனு ஜாவும் இதே ஏற்பாட்டை முற்றிலும் வேறொரு பொருளுக்குப் பயன்படுத்தினார்கள். ஸ்பைஸ் என்று பெயர். உயிரணுச் சவ்வில் ஆல்ஃபா ஹீமோலைசின் என்ற புரதம் உண்டாக்கும் நுண்துளை வழியாக டிஎன்ஏ இழை நுழைந்து போவதைக் கணக்கிட வேண்டும். ஏறத்தாழ மூன்று லட்சம் அணுக்கள். ஒரு நானோ நொடியைக் கணக்கிட 128 பிராசசர்களில் ஒரு நாள், அதாவது சுமார் 3000 பிராசசர் மணி. நிஜத்தில் இழை கடக்க மைக்ரோ நொடிகள் ஆகும். பத்து மைக்ரோ நொடி என்றால் மூன்று கோடி பிராசசர் மணி. அன்றைக்கு அது நடக்காத காரியம்.

அதனால் இழையை ஒரு கற்பனை ஸ்பிரிங்கால் கட்டி இழுத்தார்கள். வேகமாக இழுத்துச் செலவழித்த ஆற்றலிலிருந்து, மெதுவாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணிக்க ஜார்ஸின்ஸ்கி சமன்பாடு வழி தருகிறது. ஆனால் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் இழுக்க வேண்டும்? தவறாகத் தேர்ந்தால் பிழை அளவைவிடப் பெரிதாகிவிடும். இங்கே ஸ்டியரிங் வந்தது. கையால் பிடித்து இழுத்தால் எதிர்விசையை விரலில் உணரவைக்கும் ஒரு கருவியை மேசையில் வைத்து, ஓடும் சிமுலேஷனில் இருக்கும் டிஎன்ஏவை நேரடியாக இழுத்துப் பார்த்தார்கள். துளையின் எந்த இடத்தில் சிக்குகிறது, எவ்வளவு விசை தேவை என்பது கைக்குத் தெரிந்தது. அதைக் கொண்டு எல்லைகளை வகுத்துக்கொண்டு, பிறகு கைபடாத 72 ஓட்டங்களை இரு நாட்டுக் கணினிகளிலும் பரப்பி, ஒரு வாரத்துக்குள் முடித்தார்கள்.

ஜைராய்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தரவு தாமதமாக வந்தால் பார்ப்பவர் கொஞ்சம் காத்திருப்பார், கணக்கு தன்பாட்டுக்கு ஓடும். இங்கே கைவிசை வந்தால்தான் அடுத்த காலப்படி. நெட்வொர்க்கில் ஒரு சின்னத் தடங்கல் வந்தாலும் 256 பிராசசர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அகலமான பாதையைவிட, சீராக, தட்டுத்தடுமாறாமல் வரும் பாதை முக்கியமானது என்பதை அந்தக் குழு அளந்தே காட்டியது. தனி ஒளியிழைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டவர்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

தரவை நகர்த்தும் சிக்கலுக்கு அடுத்த பதிலும் அங்கிருந்தே வந்தது. 2008 வாக்கில் மார்கோ மட்ஸியோவும் கவ்னியும் எழுதிய ஹீம்எல்பி, மூளை ரத்தக் குழாய்களில் ரத்தம் ஓடுவதைக் கணக்கிடும் நிரல். இதுவும் லாட்டிஸ் போல்ட்ஸ்மன்தான். நோயாளியின் ஸ்கேனிலிருந்து குழாயின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். இதில் கிராஃபிக்ஸ் கணினி என்று தனியாக ஒன்று இல்லை. கணக்கைப் போடும் அதே பிராசசர்கள் தங்கள் பங்குப் படத்தையும் வரைந்து, ஒட்டி, வெளியே அனுப்பும். 1024 பெட்டியின் ஒரே ஒரு அடர்த்திப் புலத்தை அனுப்பவே 4.3 ஜிகாபைட் தேவைப்பட்டிருக்கும். அதே அளவு பக்கமுள்ள ஒரு வண்ணப் படத்துக்கு, சுருக்காமலே, 3 மெகாபைட் போதும். ஆயிரம் மடங்குக்கும் மேல் சுமை குறைகிறது. பாரவியூ, விஸிட் என்ற காட்சிப்படுத்தல் மென்பொருள்களின் கேட்டலிஸ்ட், லிப்சிம் என்று இன்று பலர் பயன்படுத்தும் கருவிகளும் இதே வழியில் போகின்றன: தரவு இருக்கும் இடத்திலேயே படம் வரை.

தொலைபேசி முன்பதிவு மட்டும் அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. ஹீம்எல்பி குழு பல மையங்களில் ஒரே நேரத்தில் கணினி நேரத்தை ஒதுக்கித் தரும் ஹார்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தது. ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நோயாளியின் ரத்த ஓட்டத்தைத் திரையில் பார்க்க வேண்டுமென்றால், கணினி அந்தப் பத்து மணிக்குக் காலியாக இருந்தாக வேண்டும். முன்பதிவு செய்த நேரத்துக்குச் சற்று முன்னால் கணுக்கள் வேலையின்றிச் சும்மா நிற்கும். கணினி எவ்வளவு நேரம் நிரம்பி ஓடியது என்பதை வைத்துத்தான் மையங்கள் தங்களை அளந்துகொள்கின்றன. அந்தச் சில நிமிட வெறுமையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அந்த மைய நிர்வாகியும் இந்த நிபுணரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.